342 சர்க்கரை வில்லைகள்: டர்பன் கண்காட்சி ஒன்றில் ஈரம் பார்த்த வேலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு கலைக்கூடம். திறப்பு விழா நடந்த வியாழன் இரவு 342 சர்க்கரை வில்லைகளும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தன. வெள்ளி காலை கதவைத் திறந்தபோது 19 தரையில் கிடந்தன. நான்காம் நாள் மாலைக்குள் 61 விழுந்துவிட்டன. தரை பிசுபிசுத்தது, சுவரோரம் எறும்புச் சாரை ஓடியது. அதே அறையில் திறந்த பலகையில் விரித்திருந்த இரவல் பட்டுச் சேலையின் கரையில் பிசுக்கு விரல்தடம் ஒன்று பதிந்திருந்தது. அந்த நான்கு நாட்களில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, மீதி ஐந்து வாரங்களுக்கு என்னென்ன மாற்றப்பட்டன என்பதே இந்த ஆய்வு. கலைஞர், கலைக்கூடம், சேலையைத் தந்த குடும்பம் ஆகியோரின் பெயர்களை விட்டிருக்கிறோம்.

படைப்பு

டிரூரோ கப்பல் மதராசிலிருந்து 342 ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பன் வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16 அன்று. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோரின் உழைப்பு போனது கரும்புக்கு. டர்பனில் நவம்பர் பிறந்தால் இதைப் பற்றி எங்காவது ஒரு கண்காட்சி நடக்கும். கப்பல் பட்டியலின் பிரதி, பழைய குடும்பப் படம், செம்பு, அம்மி என்று அடுக்கும் வேலையை டெர்பி தெருவிலுள்ள 1860 ஹெரிடேஜ் சென்டர் ஏற்கெனவே செய்துவருகிறது. இந்தக் கலைஞருக்கு வேறு எண்ணம். ஒப்பந்தக் கூலிகளின் கழுத்தில் எண் பொறித்த தகர வில்லை கட்டி அனுப்பினார்கள் அல்லவா, அந்த வில்லையையே கரும்புச் சர்க்கரையில் வார்த்து, ஆளுக்கு ஒன்றாக 342 தொங்கவிட்டார்.

ஒவ்வொன்றும் 6 செ.மீ. விட்டம், 8 மி.மீ. கனம், ஏறத்தாழ 35 கிராம். மொத்தம் 12 கிலோ. கண்ணாடி போலத் தெளிந்த செம்பொன் நிறம். மேலே 4 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் எஃகுக் கம்பி வலை, அதிலிருந்து 0.8 மி.மீ. பருத்தி நூல், வில்லையின் மேல்விளிம்பில் சூடாக்கிய ஊசியால் போட்ட 3 மி.மீ. துளை. வலைக்கு மேலே நாலு ஹாலஜன் விளக்குகள். ஒளி வில்லைக்குள் புகுந்து தரையில் மஞ்சள் வட்டங்களாக விழ வேண்டும் என்பதுதான் படைப்பின் உயிர். இந்த ஒரு தேவையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் முடிவுகள் புரியும். எளிதான தீர்வுகள் பலவும் இதில் மோதித்தான் நின்றன.

அறை 11 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட 300 கன மீட்டர் காற்று. வில்லைகள் நடுவில். ஒரு சுவரில் குடும்பப் புகைப்படங்கள் சட்டமிட்டு மாட்டியிருந்தன. மறு சுவரோரம் சாய்வுப் பலகையில் அந்தச் சேலை.

சர்க்கரையில் இரண்டு வகை

"சர்க்கரை ஈரத்தை இழுக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால் இங்கே ஒன்றும் விளங்காது. எந்த நிலையிலுள்ள சர்க்கரை என்று கேட்க வேண்டும்.

கல்கண்டு, சீனி போன்ற படிகச் சர்க்கரை 25 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 85 சதவீதத்தைத் தொடும்வரை கரையாமல் தாக்குப்பிடிக்கும். அதைத் தாண்டினால்தான் நீரை இழுத்துப் பாகாகும். பாகு காய்ச்சி, 150 டிகிரியில், தண்ணீரில் விட்டால் கடக்கென்று முறியும் பதத்தில் இறக்கி வார்த்தால் கிடைப்பது படிகமல்ல. அது சர்க்கரைக் கண்ணாடி. அதன் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் உறைந்து நிற்பவை. 85 சதவீதம் வரை காத்திருக்கும் பொறுமை அவற்றுக்குக் கிடையாது. மழைநாளில் டப்பா மூடாமல் வைத்த கடலை மிட்டாய்க்கு வரும் பிசுபிசுப்புதான் இது. உலர்ந்த சர்க்கரைக் கண்ணாடி இளக 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். உள்ளே சில சதவீத நீர் ஏறினால் போதும், அந்த எல்லை அறை வெப்பத்துக்கே இறங்கிவிடும். பார்வைக்குத் திடமாக இருக்கும், ஆனால் மிக மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு மேல் செய்முறையும் நிலைமையை மோசமாக்கியிருந்தது. பாகு பூத்துவிடாமலிருக்க, அதாவது படிகமாகி வெளுக்காமலிருக்க, எலுமிச்சைச் சாறு விட்டிருந்தார்கள், கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி. பெரிய பாத்திரத்தில் மெல்லிய தீயில் முக்கால் மணி நேரம் காய்ச்சியிருந்தார்கள். புளிப்பும் நீண்ட சூடும் சேர்ந்தால் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோசும் ஃப்ரக்டோசும் ஆகும். ஃப்ரக்டோஸ் 60 சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய ஈரத்திலேயே கரையத் தொடங்குவது. வேறு சர்க்கரையோடு கலந்திருந்தால் இன்னும் முன்பே. நிறத்துக்காகப் பாதிக்குப் பாதி பழுப்புச் சர்க்கரை சேர்த்ததும் இதே திசையில்தான் தள்ளியது, ஏனென்றால் பழுப்பு நிறம் என்பது ஒட்டியிருக்கும் கழிவுப்பாகு. மிட்டாய் செய்கிறவருக்கு இவையெல்லாம் நல்ல பழக்கங்கள்; மிட்டாயை ஆறு வாரம் டர்பன் காற்றில் யாரும் தொங்கவிடுவதில்லை.

திறப்பு விழா இரவு

அன்று மாலை வெளியே 25 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். டர்பனில் நவம்பருக்கு இது வியப்பே இல்லை. அப்படிப்பட்ட காற்றில் கன மீட்டருக்கு 19.6 கிராம் நீராவி இருக்கும். உள்ளே "சர்க்கரைக்கு நல்லது" என்று ஏசியை 20 டிகிரியில் வைத்திருந்தார்கள். 20 டிகிரிக் காற்று முழுக்க நனைந்தாலும் கன மீட்டருக்கு 17.3 கிராமுக்கு மேல் தாங்காது. அதாவது, கதவு திறந்து வெளிக்காற்று உள்ளே வந்து 20 டிகிரியில் இருக்கும் வில்லையைத் தொட்டால், மிச்ச நீர் அந்த வில்லைமேலேயே பனியாகப் படியும். பனி படியும் எல்லை அன்று 22.3 டிகிரி. ஏசி 24-ல் இருந்திருந்தால் பிசுபிசுப்பு வந்திருக்கும், ஆனால் மேற்பரப்பு நனைந்திருக்காது. குளிர்ந்தால் காயும் என்ற நம்பிக்கை கலைக்கூடங்களில் ஆழமாக வேரூன்றியது. கடற்கரை ஊர்களில் அது நேர்மாறாகவே வேலை செய்கிறது.

கதவு இரண்டு மணி நேரம் திறந்தே இருந்தது. உள்ளே 120 பேர். நின்று பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்கு 50 கிராம் அளவில் நீரை வெளிவிடுவார். கணக்குப் போட்டால் 12 லிட்டர். அந்த 300 கன மீட்டர் அறை 25 டிகிரியில் முழுக்க நனைந்தால்கூட அதன் காற்று பிடித்துவைப்பது 7 லிட்டருக்குள்தான். குத்துவிளக்கு வாசலுக்கு உள்ளே ஏற்றப்பட்டது. வடையும் சமோசாவும் மசாலா டீயும் அதே அறையின் மூலையில். எறும்புக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது அந்த மூலைதான். வில்லைகள் இரண்டாம் பந்தி.

இரவு பத்து மணிக்குக் கட்டடத்தின் டைமர் ஏசியை நிறுத்தியது. இந்த டைமர் இருப்பது கண்காட்சி அமைத்தவர்களுக்குத் தெரியாது, கட்டட மேலாளர் தரப்பில் யாரும் சொல்லவும் இல்லை. காலை எட்டு வரை அறை மூடிக் கிடந்தது, உள்ளே அத்தனை ஈரத்தோடும்.

காற்றின் ஈரத்தை அளந்து பதியும் டேட்டா லாகர் ஒன்று இருந்தது. அதன் பதிவில் அந்த இரவு அதிகபட்சம் 71 சதவீதம். "அவ்வளவு மோசமில்லையே" என்று முதலில் தோன்றியது இதனால்தான். அது ஏசியின் காற்றுவாய்க்கு நேர் கீழே, உலர்ந்த காற்று விழும் இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டாவது லாகரை வில்லை வலையின் நடுவில் கட்டிய பிறகு இரண்டுக்கும் பகலில் 12 முதல் 16 சதவீதம் வரை வேறுபாடு வந்தது. வேறுபாடு கருவியின் கோளாறா என்று பார்க்க வழி எளிது. ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஈரக்குழம்பாக்கி, கருவியோடு சேர்த்து ஜிப் பையில் போட்டு இறுக மூடி எட்டு மணி நேரம் விட வேண்டும். அறை வெப்பத்தில் கருவி 75 சதவீதம் காட்ட வேண்டும். இரண்டு லாகர்களும் 74-க்கும் 77-க்கும் இடையில் காட்டின. கருவிகள் சரி, இடம்தான் தப்பு.

ஏன் விழுந்தன

விழுந்த வில்லைகளை எடுத்துப் பார்த்ததில் ஒன்றுகூட உடைந்து விழவில்லை. துளையிலிருந்து மேல்விளிம்பு வரை நேர்கோட்டில் ஒரு பிளவு, அதன் உட்புறம் வழவழப்பாக. நூல் அறுத்துக்கொண்டு மேலேறியிருக்கிறது. 35 கிராம் பெரிய எடையல்ல, அத்தனையையும் 0.8 மி.மீ. நூலின் மேல் தாங்கினால் இளகிய சர்க்கரையில் அது கத்திதான். பருத்தி நூல் ஈரத்தையும் உறிஞ்சித் துளைக்கே கொண்டுவந்து சேர்த்தது. எனவே வில்லையின் மற்ற இடங்கள் திடமாக இருக்கும்போதே துளையோரம் பாகாகிவிட்டது.

முதலில் விழுந்த 19-ல் 14 ஹாலஜன் விளக்குகளுக்கு நேர் கீழே இருந்தவை. விளக்குக்கும் மேல் வரிசைக்கும் இடையே 60 செ.மீ. மட்டுமே. 50 வாட் ஹாலஜன் அந்தத் தூரத்தில் வில்லையைச் சூடாக்கும். ஈரம் ஏறிய சர்க்கரைக்கு ஐந்தாறு டிகிரி கூடுதல் சூடே போதும். வெறும் சூட்டால் விழவில்லை, வெறும் ஈரத்தாலும் விழவில்லை. முதல் மூன்று நாள் ஒத்திகையில் விளக்குகள் எரிந்தும் ஒன்றும் விழாததற்குக் காரணம் அப்போது கூட்டமும் இல்லை, கதவும் மூடியிருந்தது.

சேலை

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஒரு குடும்பம் இரவல் தந்தது. நூறாண்டைத் தாண்டிய சிவப்புப் பட்டு, ஜரிகைக் கரை. வாங்கும்போது எடுத்த நிலைக்குறிப்பு நல்லதாக இருந்தது: 12 படங்கள், மடிப்புக் கோடுகள், இரண்டு தையல் பழுது, முந்தானையில் ஒரு பழைய எண்ணெய்க் கறை, எல்லாம் அளவோடு. இந்தக் குறிப்பு மட்டும் இல்லையென்றால் கரையிலிருந்த பிசுக்குத் தடம் புதியதா பழையதா என்ற வாதத்திலேயே ஒரு வாரம் போயிருக்கும்.

தடம் எப்படி வந்தது என்பதில் மர்மமில்லை. வருகிறவர்கள் வில்லையைத் தொட்டார்கள். பிள்ளைகள் நக்கியும் பார்த்தார்கள், பெரியவர்களில் சிலரும். அதே விரல் அடுத்து சேலைக்குப் போனது. பட்டுச் சேலையைத் திறந்த பலகையில் விரித்து வைத்துவிட்டு "தொடாதீர்கள்" என்று பலகை எழுதினால் நம் ஆட்களில் யார் கை நிற்கும்? சேலையைப் பார்ப்பது என்றாலே கரையைப் பிடித்துப் பார்ப்பதுதான்.

பட்டில் சர்க்கரைக் கறையை அப்படியே விடக் கூடாது. இப்போது கண்ணுக்குத் தெரியாமலிருந்தாலும் காலப்போக்கில் மஞ்சளாகும், அந்த இடத்தில் இழை விறைக்கும், பூச்சியும் அங்கேதான் தேடி வரும். சர்க்கரை தண்ணீரில் கரையும் என்பதால் ஈரத்துணியால் துடைக்கத் தோன்றும். வீட்டின் மூத்த அம்மா வந்து பார்த்தவுடன் சொன்னது: "தண்ணி மட்டும் போட்டுராதீங்க தம்பி, இந்தச் செவப்பு ஓடும்." துணிப் பாதுகாப்பாளர் உள்மடிப்பில் ஓர் இழையில் சோதித்தபோது அது உண்மையாயிற்று, வெறும் நீரில் பஞ்சு இளஞ்சிவப்பானது. நீரையும் எத்தனாலையும் சரிபாதி கலந்து, பஞ்சை அநேகமாக உலரப் பிழிந்து, கீழே உறிஞ்சுதாள் வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. 2 செ.மீ. இடத்துக்கு முழுக் காலை ஆனது. ஜரிகைமேல் கை வைக்கவே இல்லை.

பிறகு சேலை வேறு அறைக்குப் போனது. அக்ரிலிக் மூடி, 50 லக்ஸ் ஒளி, சாய்வு 30 டிகிரிக்குள், மடிப்புகளுக்குள் அமிலமில்லாத தாள் உருளை. முதல் நாளே அங்கு போயிருக்க வேண்டியது. சர்க்கரை வில்லைக்கு 40 சதவீத ஈரப்பதம் தேவை. பட்டுக்கும் புகைப்படத்துக்கும் 45 முதல் 50 வரை, அதுவும் ஏற்ற இறக்கமில்லாமல். ஒன்றைக் கூட்டம் தொடும், இன்னொன்றைத் தொடக்கூடாது. கதை ஒன்றாக இருக்கலாம், காற்று ஒன்றாக இருக்க முடியாது. கண்காட்சி வரைபடத்தில் கருப்பொருளை வைத்து மட்டும் அறை பிரிப்பது இந்தத் துறையின் நெடுநாள் நோய்.

புகைப்படங்களுக்குச் சேதமில்லை. சட்டத்தில் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளிச் சட்டம் போட்டிருந்தது காப்பாற்றியது. படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அந்த ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் அப்பிக்கொண்டிருக்கும், பிறகு பிரிக்க வராது.

மாற்றமா, சேதமா

பழுது பார்க்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. விழுந்தது படைப்பின் பகுதியா, விபத்தா? கலைஞர் ஆரம்பத்தில் "கரையட்டும், அதுதானே அர்த்தம்" என்று சொல்லியிருந்தார். 61 விழுந்த பிறகு அதே கலைஞர் கலைக்கூடத்திடம் விளக்கம் கேட்டார். இரண்டிலும் அவர் நேர்மையாகத்தான் இருந்தார். கரைவது வேறு, நூலறுத்து விழுவது வேறு என்பது இருவருக்குமே முன்பு தோன்றவில்லை. ஒப்பந்தத்தில் "பொருளின் இயல்பான மாற்றம் ஏற்கத்தக்கது" என்று ஒரே வரி.

உலகில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் கேள்வியைத் தீர்த்திருக்கிறது. ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991-ல் தன் துணைவரின் நினைவாகக் குவித்த மிட்டாய்க் குவியலுக்கு 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோ, என்று ஓர் இலக்கு எடை உண்டு. பார்வையாளர் எடுத்துத் தின்னலாம், கூடம் மீண்டும் நிரப்பலாம். குறைவதும் நிரம்புவதும் விதியிலேயே எழுதப்பட்டது. காரா வாக்கர் 2014-ல் புரூக்ளினின் பழைய டோமினோ சர்க்கரை ஆலையில் வைத்த பிரம்மாண்டமான வெள்ளைப் பெண் உருவத்துக்கு உள்ளே இருந்தது பாலிஸ்டைரீன், வெளியேதான் சர்க்கரை. சுற்றி நின்ற சிறுவர் உருவங்களில் சர்க்கரையில் வார்த்தவை கோடை வெயிலில் உருகிச் சரிந்தன, அந்தச் சரிவு படைப்பாகவே ஏற்கப்பட்டது. மௌரிசியோ கட்டெலான் சுவரில் டேப்பால் ஒட்டிய வாழைப்பழம் 2024 நவம்பரில் சோத்பீஸ் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது செய்தியாயிற்று. கைமாறியது சான்றிதழும் ஒட்டும் முறைக் குறிப்பும். பழத்தை வாங்குகிறவரே கடையில் வாங்கிக்கொள்ள வேண்டியது. நையாண்டி செய்தவர்கள் பலர், ஆனால் ஆவணம் என்ற அளவில் அதில் ஓட்டை இல்லை: எது மாறலாம், எது மாறக்கூடாது, யார் மாற்றலாம் என்று எழுதியிருக்கிறது.

டர்பனில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதிய தாளில் இருந்தது இவ்வளவுதான். வில்லை வியர்க்கலாம், வடிவம் நீளலாம், நிறம் கருக்கலாம், சொட்டலாம்: இவை மாற்றம். துளை அறுந்து விழுந்தால், எண் படிக்க முடியாமல் போனால், எறும்பு மொய்த்தால்: சேதம், மாற்றி வைக்க வேண்டும். எந்த நேரத்திலும் 300-க்குக் குறையாமல் தொங்க வேண்டும். தரையிலிருந்து எடுப்பவற்றைக் குப்பையில் போடாமல் மூடிய டப்பாவில் கலைஞரிடம் தர வேண்டும்.

காப்பீட்டைப் பற்றிப் பேசினாலும் இதே இடத்துக்குத்தான் வரும். பொதுவான கலைப்பொருள் பாலிசிகள் பொருளின் உள்ளார்ந்த குணத்தால் வரும் கேட்டையும், படிப்படியான சிதைவையும், காற்றின் ஈரம் வெப்பம் மாறுவதால் வருவதையும் விலக்கியே வைக்கின்றன. வில்லைக்கு ஒரு ரேண்ட்கூட வராது. சேலையின் விரல்தடம் வேறு வகை, அது பார்வையாளரால் நேர்ந்த சேதம், கோரலாம். கோரிக்கைக்கு உயிர் கொடுத்தது அந்த 12 படங்கள்.

என்ன செய்தார்கள்

வார்ப்பு முதலில். கூடத் தொழில்நுட்பர் சொன்ன முதல் யோசனை ஐசோமால்ட். கேக் அலங்காரக்காரர்கள் பயன்படுத்துவது, ஈரத்தை வெகுவாகத் தாங்கும், கண்ணாடித் தெளிவு. அது பீட்ரூட் வகைச் சர்க்கரையிலிருந்து வருவது. கரும்பு இல்லாமல் இந்தப் படைப்பு இல்லை. நிராகரிக்கப்பட்டது. பாகு பூக்காமலிருக்கத் திரவ குளுக்கோஸ் சேர்க்கலாம் என்றார்கள்; இங்கே கிடைப்பது சோளத்திலிருந்து, அதுவும் வேண்டாம் என்றார் கலைஞர். நனைத்த சீனியை அச்சில் அழுத்தி உலர்த்தினால் படிகமாக நிற்கும், 80 சதவீதம் வரை கவலையில்லை, ஆனால் வெள்ளைக் கட்டியாக இருக்கும், ஒளி புகாது. ஷெல்லாக் என்ற அரக்கு மெருகைப் பூசினால் மூன்றாம் நாள் உள்ளே சர்க்கரை அசைய, மேலே பூச்சு வெடித்தது. பாதுகாப்பாளர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் பிசினான பாரலாய்ட் பி-72 பூசிப் பார்த்ததில் பிளாஸ்டிக் மினுமினுப்பு.

கடைசியில் நின்றது சர்க்கரையும் தண்ணீரும் மட்டும். வெள்ளைச் சீனி 500 கிராம், தண்ணீர் 170 மில்லி. ஒரு தடவைக்கு அவ்வளவே. சிறிய கனமான பாத்திரம், பெருந்தீ, 15 நிமிடத்துக்குள் 150 டிகிரி. புளிப்பு கிடையாது. நிறத்துக்கு மட்டும் கடைசியில் 160 வரை ஏற்றி உடனே பாத்திரத்தின் அடியைக் குளிர்ந்த நீரில் வைத்துச் சூட்டை நிறுத்துவது. புளிப்பில்லாத பாகு எளிதில் பூக்கும். சீனி கரைந்த பிறகு கரண்டி போடக்கூடாது, பாத்திரச் சுவரில் தெறித்த துளிகளை ஈரத் தூரிகையால் கழுவி இறக்க வேண்டும், ஒரு மணல் அளவு படிகம் விழுந்தாலும் அந்த ஈடு முழுக்க வெளுத்துவிடும். நாலு ஈட்டுக்கு ஒன்று அப்படிப் போனது. அதை மறுபடி தண்ணீர் விட்டுக் காய்ச்சலாம் என்று நினைக்கக்கூடாது. இரண்டாம் காய்ச்சலில் சர்க்கரை இன்னும் உடையும்.

துளை ஒழிந்தது. ஒரு மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை வளையமாக முறுக்கி, இரு கால்களையும் 25 மி.மீ. அகலத்துக்கு விரித்து, அச்சில் வைத்து அதன்மேல் பாகை ஊற்றினார்கள். எடை இப்போது நூலின்மேல் நிற்காமல் விரிந்த கம்பிமேல் பரவுகிறது. நூல் கம்பியோடு முடிகிறது, சர்க்கரையைத் தொடுவதே இல்லை. கம்பி நிழல் வில்லைக்குள் தெரியும் என்று பயந்தார்கள்; தெரிந்தது, கழுத்துக் கயிறு போல இருக்கிறது என்று கலைஞர் அதை வைத்துக்கொண்டார்.

ஹாலஜன் போய் எல்.இ.டி. வந்தது, 1.5 மீட்டர் உயரத்தில், குறுகிய ஒளிக்கற்றையோடு. தரையில் வட்டங்கள் முன்னைவிடக் கூர்மையாகவே விழுந்தன.

காற்றுக்கு வருவோம். ஏசி 24 டிகிரியில், 24 மணி நேரமும். டைமர் இணைப்பு எழுத்துமூல அனுமதியோடு நீக்கப்பட்டது. மின்விசிறி 'ஆட்டோ'வில். அது எப்போதும் ஓடும்படி இருந்தால் கம்ப்ரஸர் நிற்கும் ஒவ்வொரு தடவையும் சுருளில் படிந்த நீரை மீண்டும் அறைக்கே ஊதித்தள்ளும். ஏசி மட்டும் 40 சதவீதத்துக்குக் கொண்டுவராது, அதற்குக் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையர் வேண்டும். எத்தனை? மணிக்கு அறையின் பாதிக் காற்று வெளியிலிருந்து கசிந்தால், 150 கன மீட்டர், ஒவ்வொன்றிலும் சுமார் 11 கிராம் எடுக்க வேண்டும்; நாளுக்கு 39 லிட்டர். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, பழைய காற்றுத் துளைகளுக்கு மூடி, வாசலில் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரட்டைக் கனத்திரை. கசிவு மணிக்கு அறைக் காற்றில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தால் 16 லிட்டர் போதும். இயந்திரம் வாங்கும் முன் ரப்பர் பட்டை வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

டீஹியூமிடிஃபையர் பெட்டியில் எழுதியிருக்கும் "நாளுக்கு 50 லிட்டர்" 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. 24 டிகிரி, 40 சதவீதத்தில் அதே இயந்திரம் மூன்றிலொரு பங்குதான் எடுக்கும். ஆகவே இரண்டு வைத்தார்கள். இரண்டிலும் 6 லிட்டர் தொட்டி. தொட்டி நிரம்பினால் இயந்திரம் தானே நின்றுவிடும், அதுவும் ஆளில்லாத இரவு மூன்று மணிக்கு. குழாய் இணைத்து நேரே கைகழுவும் தொட்டிக்கு விட்டார்கள். குழாய் வழியில் எங்கும் மேலேறக்கூடாது; ஓரிடத்தில் கம்பளத்தின் மேல் ஏறி இறங்கியதால் முதல் இரவே நீர் திரும்பி நின்றது.

மின்தடைக்கு ஒரு சிறு வழி: மின்சாரம் நின்றால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் லாகர், பக்கத்தில் குடியிருக்கும் ஒருவரிடம் சாவி, கதவைத் திறக்காதீர்கள் என்ற ஒரே அறிவுறுத்தல். இரண்டரை மணி நேரம் மின்சாரமில்லாத ஓர் இரவில் அறை 40-லிருந்து 53-க்குத்தான் ஏறியது.

ஒரே நேரத்தில் 25 பேருக்கு மேல் உள்ளே விடவில்லை. சாப்பாடு வராந்தாவுக்குப் போனது. தொட ஆசைப்படுவோருக்காக வாசலில் ஒரு தட்டில் அதே ஈட்டில் வார்த்த எண்ணில்லாத வில்லைகள், கூடவே ஈரத்துணி. தொங்குபவற்றைத் தொடுவது கிட்டத்தட்ட நின்றது. எச்சரிக்கைப் பலகையால் ஆகாதது இந்தத் தட்டால் ஆயிற்று.

எறும்புக்கு ஸ்பிரே அடிக்கக்கூடாது. எண்ணெய்த் துளி பட்டிலும் புகைப்படத்திலும் கறையாகும். இனிப்பு கலந்த போரிக் அமிலப் பசையைச் சுவரோரம் வைத்தார்கள். பன்னிரண்டு கிலோ சர்க்கரை தொங்கும் அறையில் எறும்பு அந்தப் பசையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பலித்தது பழைய வழிதான்: நாளுக்கு இரண்டு தடவை வெந்நீரில் தரையைத் துடைத்து உடனே உலர்த்துவது, சாரை போகும் கோட்டைச் சோப்பு நீரால் அழிப்பது, வெளிச்சுவரில் அது புகும் விரிசலை அடைப்பது.

அதன் பின்

புதிய வில்லைகள் தொங்கிய பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று மட்டுமே மாற்ற வேண்டியிருந்தது. பெரும்பாலும் வாசலுக்கு அருகிலிருந்தவை. மற்றவை விழாமல் மெல்ல நீண்டு, கீழ்விளிம்பு கனத்து, கண்ணீர்த்துளி வடிவுக்குப் போயின. கலைஞர் "கரையட்டும்" என்றது இதைத்தான் என்பது நான்காம் வாரத்தில் எல்லோருக்கும் விளங்கியது. மாற்று வில்லைகள் 60, சிலிகா ஜெல்லோடு இறுக மூடிய டப்பாக்களில், ஒன்றோடொன்று ஒட்டாமல் சிலிகான் தாள் இடையிட்டு. நீல நிற ஜெல் வாங்கவில்லை, அதிலுள்ள கோபால்ட் குளோரைடு தின்னக்கூடிய பொருளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதல்ல. ஆரஞ்சு நிற வகை போதும்.

சேலை உரிய நாளில் சாட்ஸ்வொர்த்துக்குத் திரும்பியது. வாங்கும்போது எடுத்த அதே கோணங்களில் 12 படங்கள், சுத்தம் செய்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக இரண்டு, குடும்பத்தார் எதிரில் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்து. அந்தக் கூடத்தின் இரவல் படிவத்தில் இப்போது இரண்டு வரிகள் கூடியிருக்கின்றன: பொருள் மூடிய பெட்டியிலா திறந்தா வைக்கப்படும், அதே அறையில் வேறு என்ன பொருட்கள் இருக்கும். இரண்டாவது வரி மற்ற கூடங்களின் படிவங்களில் அபூர்வம், அங்கேயும் வர வேண்டும்.

படைப்பை வாங்க ஒருவர் முன்வந்தபோது கொடுக்க வேண்டியது என்ன என்ற பேச்சு எளிதாக முடிந்தது. தொங்கிய வில்லைகள் இல்லை. சான்றிதழ், மாற்றம்–சேதம் தாள், காய்ச்சும் முறை, கம்பி வளையத்தின் அளவு வரைபடம், 24 டிகிரி 40 சதவீதம் என்ற காற்று நிபந்தனை, வலை, சிலிகான் அச்சுகள் ஆறு. அச்சுக்கும் ஆயுள் உண்டு. 150 டிகிரிப் பாகு ஊற்ற ஊற்ற சிலிகான் விறைத்து எண்களின் ஓரம் மழுங்கும். அதனால் அச்சு எடுக்கப் பயன்பட்ட மூல வில்லையைப் பித்தளையில் வார்த்து அதையும் பெட்டியில் வைத்தார்கள்.